மியூனிக் மாநகராட்சியும் அதன் இயங்குதளமும்

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் நடுவே நின்று, கோப்புகளைச் சேமிப்பது, அச்சுப்பொறியை இயக்குவது, வலையமைப்போடு இணைப்பது ஆகிய அடிப்படை வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. வீடுகளில் இதைப் பெரும்பாலோர் தனியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கடையில் வாங்கும் கணினியோடு சேர்ந்தே அது வந்துவிடுகிறது. அலுவலகங்களிலும் ஏற்கெனவே இருப்பதன் அடுத்த பதிப்பை வாங்குவதே நெடுங்கால வழக்கம். இந்த வழக்கத்திலிருந்து விலகி, எந்த இயங்குதளம் வேண்டும் என்பதை மக்கள் பிரதிநிதிகளின் மன்றத்தில் விவாதித்து வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்தது, ஜெர்மனியின் பவேரிய மாநிலத் தலைநகரான மியூனிக். பின்னர் அந்த முடிவை மாற்றியதும் அதே மன்றத்தின் வாக்கெடுப்புதான்.

1996இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 4.0 என்ற இயங்குதளத்துக்கான ஆதரவை, அதாவது பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்து திருத்தங்கள் வழங்கும் பொறுப்பை, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தபோது, மாநகராட்சியின் சுமார் 14,000 கணினிகள் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தன. எங்கோ எடுக்கப்பட்ட ஒரு வணிக முடிவால் நகரத்தின் எல்லா மேசைகளிலும் செலவு வந்து விழுகிறது என்பது மன்றத்தை உறுத்தியது. மாற்று வழிகளை ஒப்பிட யூனிலாக் என்ற ஆலோசனை நிறுவனம் அமர்த்தப்பட்டது. உடனடிச் செலவை மட்டும் பார்த்தால் விண்டோஸே மலிவு என்றும், தன் முடிவுகளைத் தானே எடுக்கும் ஆற்றல், ஒரே விற்பனையாளரைச் சாராமை போன்ற நீண்டகால நோக்கங்களையும் கணக்கில் கொண்டால் லினக்ஸே மேல் என்றும் அது சொன்னது. லினக்ஸ் திறமூல மென்பொருள். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், உரிமத் தொகை செலுத்தாமல் பகிரலாம்.

மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் கழித்துக்கொண்டிருந்த விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு, மேயர் கிறிஸ்டியன் ஊடேயை நேரில் சந்தித்துப் பேசினார். அந்நிறுவனம் தன் விலையை ஒரு முறைக்கு மேல் குறைத்தது. கேட்டால் குறையும் விலை முதலில் ஏன் அவ்வளவு உயரத்தில் இருந்தது என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. 2003 மே 28 அன்று நகர மன்றம் லினக்ஸுக்கு வாக்களித்தது. லிமக்ஸ் எனப் பெயரிடப்பட்ட திட்டத்துக்கு 2004 ஜூனில் இறுதி ஒப்புதல் கிடைத்தது. ஐரோப்பாவில் அப்போது விவாதத்தில் இருந்த மென்பொருள் காப்புரிமைச் சட்டத்தால் சிக்கல் வருமோ என்ற அச்சத்தில் திட்டம் சில வாரங்கள் தடைபட்டு, அதன்பின் தொடர்ந்தது.

இந்த வரலாற்றின் கனமான பகுதி இயங்குதளத்தை நிறுவியதில் இல்லை. அதன் மேல் வளர்ந்து கிடந்த காகித வேலையில் இருக்கிறது. மாநகராட்சியின் துறைகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கணினிப் பிரிவை வைத்திருந்தன. ஒரே விண்டோஸ் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு விதமாக அமைக்கப்பட்டிருந்தது. எங்கே என்ன ஓடுகிறது என்ற முழுப் பட்டியல் எவரிடமும் இருக்கவில்லை. கடிதங்களையும் விண்ணப்பங்களையும் உருவாக்குவதற்கான வார்ப்புருக்களும் மேக்ரோக்களும் மட்டும் 20,000க்கு மேல் இருந்தன. வார்ப்புரு என்பது தலைப்பு, முகவரி, வழக்கமான வாசகங்கள் ஆகியவை முன்கூட்டியே அமைந்த ஆவண மாதிரி. மேக்ரோ என்பது அதற்குள் தானாக இயங்கும் சிறு நிரல். பிறப்புச் சான்றுக்கான பதிலோ கட்டட அனுமதி மறுப்போ அனுப்ப வேண்டிய எழுத்தர், மாதிரியைத் திறந்ததும் தன் பெயர், அறை எண், தொலைபேசி எண் யாவும் உரிய இடத்தில் வந்து அமர வேண்டும் என்று எதிர்பார்த்தார். மைக்ரோசாஃப்டின் சொற்செயலிக்காக எழுதப்பட்ட அந்த மேக்ரோக்கள், லினக்ஸில் பயன்படுத்தப்பட்ட திறமூல அலுவலக மென்பொருளான ஓபன்ஆஃபிஸில் ஓடவில்லை.

இதற்காக நகரத்தின் நிரலாளர்கள் வொல்மக்ஸ் என்ற மென்பொருளை எழுதினர். எழுத்தரின் விவரங்களை ஒருமுறை பதிந்துவிட்டால் எல்லா மாதிரிகளுக்கும் அதுவே எடுத்துக் கொடுக்கும். வழக்கமான பத்திகளைத் தேவைக்கேற்பச் செருகும். படிவங்களை நிரப்ப உதவும். ஒரே மாதிரியின் பல வடிவங்கள் துறைக்குத் துறை பரவிக் கிடந்தது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது, அவற்றில் பெருமளவு களையப்பட்டது. வொல்மக்ஸை 2008இல் நகரம் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. வரிப்பணத்தில் எழுதப்பட்ட நிரல் மக்களிடமே திரும்பிச் சேர்ந்ததை இத்திட்டத்தின் மிகச் சிறந்த செயலாகக் கருதலாம்.

2006இல் முதல் மேசைகளில் லினக்ஸ் வந்தது. 2013 இறுதியில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறியிருந்தன. 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகரம் கணக்கிட்டது. மைக்ரோசாஃப்டுக்காகத் தயாரிக்கப்பட்ட ஓர் ஆய்வு இதை மறுத்தது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடியவிருந்த நிலையில், நன்றாக வேலை செய்யும் வீட்டுக் கணினிகள் குப்பைக்குப் போகக் கூடாது என்பதற்காக, பழைய கணினியிலும் ஓடக்கூடிய லுபுண்டு என்ற லினக்ஸ் வகை அடங்கிய 2,000 குறுந்தகடுகளை நூலகங்கள் வழியே மக்களுக்கு இலவசமாக வழங்கவும் நகரம் ஏற்பாடு செய்தது. அலுவலகத் தேர்வு வீட்டு வாசல் வரை வந்த அரிய தருணம் அது.

2014இல் டீட்டர் ரைட்டர் மேயரானதும் காற்று திசை மாறியது. வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் வடிவம் குலைகின்றன, கைப்பேசியில் மின்னஞ்சல் கிடைக்கத் தாமதமாகிறது என்ற குறைகள் உரக்கப் பேசப்பட்டன. சில துறைகளின் சிறப்பு மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடியதால் பல கணினிகள் மாறாமலே இருந்ததும் உண்மை. 2016இல் மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் புறநகரிலிருந்து மியூனிக் நகருக்குள் குடிபெயர்ந்ததைச் சுட்டிக்காட்டி ஐயம் எழுப்பியவர்களும் உண்டு. அந்த இடமாற்றம் முடிவைப் பாதித்தது என்பதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. நகரமே கேட்டு வாங்கிய அக்சென்ச்சர் நிறுவனத்தின் அறிக்கை, பெரிய கோளாறு கணினிப் பிரிவுகள் சிதறிக் கிடக்கும் நிர்வாக அமைப்பில்தான் இருக்கிறது என்று சொன்னது. 2003இல் கண்டறியப்பட்ட அதே நோய் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் முழுதாகத் தீரவில்லை என்பதே இதன் பொருள்; அதை லினக்ஸின் கணக்கில் எழுதியது நியாயமன்று. இருந்தும் 2017 நவம்பரில், 2020 முடிவதற்குள் விண்டோஸுக்குத் திரும்புவதென மன்றம் வாக்களித்தது. திரும்புவதற்கான செலவு சுமார் 5 கோடி யூரோ என மதிப்பிடப்பட்டது.

2020இல் பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து அமைத்த புதிய கூட்டணி, பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் பொதுவில் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையைத் தன் உடன்படிக்கையில் மீண்டும் சேர்த்தது. மேசைகளில் இருந்த விண்டோஸ் அப்படியே நீடித்தது. ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் 2024இல் தன் நிர்வாகத்தின் சுமார் 30,000 கணினிகளுக்கு இதே பயணத்தை அறிவித்தபோது, முதலில் ஆவணங்களை லிப்ரே ஆஃபிஸ் என்ற திறமூல அலுவலக மென்பொருளுக்கு மாற்றவும், அடுத்து மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் மாற்றவும், விண்டோஸை அகற்றி லினக்ஸ் நிறுவும் வேலையை அவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளவும் தீர்மானித்தது.