ஒரே ஒரு குட்டிதானா? நாய்க்கு சிசேரியன் எப்போது தேவை, எப்போது காத்திருக்கலாம்?

வீட்டு நாய் சினையாக இருக்கிறது. ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், "ஒரு குட்டிதான் தெரியுது" என்கிறார். "ஒண்ணுதானே, சுலபமா போட்டுடும்" என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். ஐந்தாறு குட்டிகளைச் சுமக்கும் நாயைவிட, ஒன்றோ இரண்டோ சுமக்கும் நாய்க்குத்தான் பிரசவச் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் முன்கூட்டியே நாள் குறித்து சிசேரியன் செய்துவிடலாமா? இங்கேதான் சிக்கல். நான்கு நாள் முந்தினாலும் குட்டி பிழைக்காமல் போகலாம், இரண்டு மூன்று நாள் பிந்தினாலும் பிழைக்காமல் போகலாம். தாமதம் தாயின் உயிருக்கும் ஆபத்து. எனவே, சிசேரியன் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, எந்த நாளில் என்பதுதான் பெரிய கேள்வி.

குட்டி குறைந்தால் ஏன் சிக்கல்?

நாய்களில் பிரசவத்துக்கான முதல் சமிக்ஞை தாயிடமிருந்து வருவதில்லை, குட்டிகளிடமிருந்து வருகிறது. வளர்ச்சி முடியும் கட்டத்தில் குட்டிகளின் உடலில் கார்டிசோல் என்ற ஹார்மோன் கூடும். அதன் தொடர்ச்சியாக, சினையைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் தாயின் ரத்தத்தில் மளமளவெனக் குறையும். அதன்பிறகே வலி தொடங்கும்.

ஒரே குட்டி என்றால் இந்தச் சமிக்ஞை போதுமான அளவுக்கு வராமல் போகலாம். நாள் கடந்தும் நாய் வலி இல்லாமல், சாப்பிட்டுக்கொண்டு, சாதாரணமாகவே இருக்கும். உள்ளே நஞ்சுக்கொடி பலவீனமாகிக்கொண்டே போகும்.

இரண்டாவது காரணம், குட்டியின் அளவு. கருப்பையில் போட்டி இல்லாததால் ஒற்றைக் குட்டி பெரிதாக வளர்ந்துவிடும். வலி வந்தாலும் இடுப்பெலும்பு வழியாக வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளலாம்.

எத்தனை குட்டி என்பதை எப்படி உறுதி செய்வது?

சினையான 25 முதல் 30 நாட்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் சினை பிடித்திருப்பதும் குட்டிகளின் இதயத் துடிப்பும் தெரியும். ஆனால் எண்ணிக்கையை ஸ்கேன் சரியாகச் சொல்லாது. ஒரு குட்டியை இரண்டு முறை எண்ணிவிடவும் வாய்ப்புண்டு, மறைந்திருக்கும் குட்டியை விட்டுவிடவும் வாய்ப்புண்டு.

எண்ணிக்கைக்கு எக்ஸ்-ரேதான் சரி. குட்டிகளின் எலும்பு எக்ஸ்-ரேயில் தெரிய சுமார் 45 நாட்கள் ஆகும். 55 நாட்களுக்குப் பிறகு எடுத்தால் தலை, முதுகெலும்பு எல்லாம் தெளிவாக எண்ணலாம். தாயின் இடுப்போடு ஒப்பிட்டு, குட்டியின் தலை எவ்வளவு பெரிது என்பதையும் டாக்டர் ஓரளவு கணிப்பார். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் ஒன்றிரண்டு குட்டிகள் சகஜம். லாப்ரடார் போன்ற பெரிய இனத்தில் ஒன்றிரண்டுதான் என்றால் கூடுதல் கவனம் தேவை.

63 நாள் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

"மேட்டிங் பண்ண தேதியிலிருந்து 63 நாள்" என்றுதான் பலரும் காலண்டரில் குறித்து வைக்கிறார்கள். அந்தக் கணக்கு ஒரு வாரம் வரை முன்னே பின்னே போகும். காரணம், ஆண் நாயின் விந்தணு பெண் நாயின் உடலில் பல நாட்கள் உயிரோடு இருக்கும். கருமுட்டையும் வெளிவந்த பிறகு முதிர்ச்சி அடைய சுமார் 2 நாட்கள் எடுக்கும். அதனால் மேட்டிங்கில் இருந்து எண்ணினால் 58 முதல் 70 நாள் வரைகூடப் பிரசவம் நடக்கலாம்.

கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ணினால் 63 நாள், ஒரு நாள் கூடலாம் அல்லது குறையலாம். இந்த நாளைக் கண்டுபிடிக்க, நாய் பருவத்துக்கு வந்திருக்கும்போதே புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்தவர்களுக்கு சிசேரியன் தேதி குறிப்பது எளிது. செய்யாதவர்கள், மேட்டிங் நடந்த எல்லாத் தேதிகளையும் டாக்டரிடம் சொல்வது அவசியம்.

முந்திக்கொண்டால் என்ன ஆகும்?

குட்டியின் நுரையீரல் கடைசி சில நாட்களில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. அதற்கு முன்பே வெளியே எடுத்தால் குட்டியால் மூச்சுவிட முடியாது. பெரும்பாலும் காப்பாற்றுவதும் கடினம். "ஞாயித்துக்கிழமை நல்ல நாள், அன்னைக்கே எடுத்துடுங்க" என்று கேட்பது ஆபத்தாக முடியலாம்.

டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்?

புரோஜெஸ்டிரோன் அளவு: ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 2 நானோகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டால், குட்டி பிறக்கத் தயார் என்று பொருள். ஆனால் ஒற்றைக் குட்டியில் சமிக்ஞையே பலவீனம் என்பதால், நாள் நிறைந்த பிறகும் இந்த அளவு குறையாமல் இருக்கலாம். ஆகவே இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

குட்டியின் இதயத் துடிப்பு: ஸ்கேனில் பார்க்கும்போது நிமிடத்துக்கு 200-க்கு மேல் இருப்பது நல்லது. தொடர்ந்து 180-க்குக் கீழே இருந்தால் குட்டி திணறுகிறது. 160-க்கும் கீழே போனால் தாமதிக்க நேரமில்லை. துடிப்பு கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு என்பதால் சில நிமிட இடைவெளியில் மறுபடியும் பார்ப்பார்கள்.

குட்டியின் வளர்ச்சி: ஸ்கேனில் தலையின் அகலத்தை அளந்து நாளைக் கணிப்பார்கள். குட்டியின் குடல் அசைவது தெரிந்தால், அது வளர்ச்சி முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

யாருக்கு முன்கூட்டியே நாள் குறிப்பது நல்லது?

நாள் உறுதியாகத் தெரிந்து, எக்ஸ்-ரேயில் ஒரே குட்டி, அதுவும் பெரிய தலை என்றால், பல டாக்டர்கள் திட்டமிட்ட சிசேரியனையே சொல்வார்கள். இடுப்பெலும்பு முறிந்து கூடிய நாய், முன்பு பிரசவத்தில் திணறிய நாய், வயதான பிறகு முதல் முறை சினையான நாய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

தட்டை மூக்கு இனங்கள் தனி ரகம். பிரிட்டனில் 2010-ல் வெளியான ஆய்வில் புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் இனங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன்தான் என்று தெரியவந்தது. பெரிய தலை, குறுகிய இடுப்பு இரண்டும் சேர்ந்ததே காரணம். இவற்றில் ஒற்றைக் குட்டி என்றால் காத்திருப்பது பெரும்பாலும் வீண் ரிஸ்க்.

நடுத்தர உடல்வாகு, இடுப்பு அகலம் நன்றாக உள்ள நாய், குட்டியின் துடிப்பும் சரியாக இருக்கிறது என்றால் காத்திருக்கலாம். ஆனால் நாள் நெருங்கியதும் தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

காத்திருக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கடைசி வாரம் முழுக்க, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து தினமும் இரண்டு மூன்று முறை வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். பிரசவத்துக்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு அது 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும். ஒற்றைக் குட்டியில் இந்த இறக்கம் வராமலே போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்:

* குட்டி வருவதற்கு முன்பே பச்சை அல்லது கரும்பச்சை நிறத்தில் கசிவு. நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கியதற்கான அறிகுறி இது.
* 20 முதல் 30 நிமிடம் வரை பலமாக முக்கியும் குட்டி வராமல் இருப்பது.
* பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் குட்டி வராதது.
* வெப்பநிலை இறங்கி 24 மணி நேரமாகியும் வலி தொடங்காதது.
* குட்டி பாதி வெளியே வந்து சிக்கிக்கொள்வது.
* தாய் சோர்ந்து விழுவது, நடுங்குவது, துர்நாற்றம் உள்ள கசிவு.

'வலி ஊசி' போட்டால் சரியாகிவிடுமா?

ஆக்சிடோசின் ஊசியை மருந்துக் கடையில் வாங்கி வீட்டிலேயே போடும் பழக்கம் மிக ஆபத்தானது. பெரிய குட்டி வழியை அடைத்திருக்கும்போது கருப்பையைச் சுருங்க வைத்தால் கருப்பை கிழியலாம், குட்டிக்குப் போகும் ரத்தமும் நின்றுவிடலாம். வழி அடைபடவில்லை என்று பரிசோதித்த பிறகே டாக்டர் இதைக் கொடுப்பார், அதுவும் குறைந்த அளவில்.

"குட்டி செத்துருச்சு, தானா வந்துடும்" என்று விடுவதும் தவறு. இறந்த குட்டி உள்ளே தங்கினால் தொற்று பரவி தாயின் உயிரே போகலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு

மயக்கம் தெளியும்வரை தாயைக் குட்டியோடு தனியாக விடக் கூடாது. தெரியாமல் மேலே படுத்துவிடலாம். சில தாய்கள் குட்டியை உடனே ஏற்றுக்கொள்ளாது. பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும். சீம்பால் முதல் 12 மணி நேரத்துக்குள் குட்டிக்குக் கிடைத்தாக வேண்டும்.

ஒட்டிப் படுக்கக் கூடப்பிறந்த குட்டிகள் இல்லாததால் ஒற்றைக் குட்டி சீக்கிரம் குளிர்ந்துவிடும். சென்னை வெயிலிலும் ஏசி அறையில் வைத்தால் இதே கதைதான். தினமும் எடை பாருங்கள். ஒரே குட்டி குடிப்பதால் மற்ற காம்புகளில் பால் கட்டிக்கொள்ளலாம். மடி சூடாக, கெட்டியாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 55-ம் நாள் எக்ஸ்-ரே எடுக்கும்போதே, இரவில் சிசேரியன் செய்யும் மருத்துவமனை எது, செலவு எவ்வளவு, வண்டிக்கு யாரை அழைப்பது என்று கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். விடியற்காலை 2 மணிக்கு நாய் முக்கிக்கொண்டிருக்கும்போது கூகுளில் தேடினால் போகிற ஒவ்வொரு நிமிடமும் குட்டிக்கு நஷ்டம்.