நித்திரையும் காவலும்

நித்திரையானது உணவைப்போலச் சகல ஜீவராசிகளுக்கும் இயற்கையாய் அமைந்ததாகலின், அதற்கெனத் தனியே ஒரு சரித்திரம் இராதென்று நேயர்களிற் பலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் விளக்கேற்றிய சிறிது நேரத்திற்கெல்லாம் படுத்து, கோழி கூவுமளவும் கவலையின்றி உறங்கினர் என்பதும் நம்மவரிடையே வழங்கிவரும் ஒரு நம்பிக்கை. இவ்விரண்டும் பொருந்தா என்பதே எமது கருத்து.

மின்விளக்கில்லாமல் வாழும் ஆப்பிரிக்காவின் ஹட்ஸா, சான் என்னும் மக்களையும், தென்னமெரிக்காவின் சிமானே மக்களையும் ஆராய்ந்தோர் 2015-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத் தக்கது. அம்மக்கள் பொழுதடைந்து சராசரியாய் 3 மணி நேரத்திற்கு மேற்பட்டே கண்ணயர்கின்றனர். உறங்குவதும் ஏறக்குறைய 6 அல்லது 7 மணி நேரந்தான். ஐரோப்பியர் முற்காலத்தில் முதலுறக்கம், இரண்டாமுறக்கம் என இரவை இரு கூறாக்கி, இடையே எழுந்திருந்தனர் என்று ரோஜர் எக்கிர்ச் என்னும் அமெரிக்க சரித்திர ஆசிரியர் 2001-இல் எழுதினார். அது உலகெங்கும் உள்ள வழக்கமென்று ஏனையோர் ஒப்பவில்லை. உறங்கும் நேரத்தின் அளவைக் காட்டிலும், ஒருவர் உறங்குதற்பொருட்டு எவர் விழித்திருந்தார் என்பதே நூற்றாண்டுதோறும் பெரிதும் மாறிவந்திருப்பதாக யாம் காண்கிறோம்.

பண்டைத் தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர். ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். நள்ளிரவைச் சூழ்ந்தது யாமம். மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் இரவைச் சாமம் சாமமாகக் காட்டுகிறது. இரண்டாஞ் சாமத்தில் கடைகள் அடைபடுகின்றன. பண்ணியம் விற்போர் தம் பண்டத்தின் அருகேயே சாய்ந்து உறங்குகின்றனர். மூன்றாஞ் சாமத்தில் கள்வர் உலவுகின்றனர். அவர்களைத் தேடி ஊர்க்காவலர் துஞ்சாத கண்ணினராய்த் திரிகின்றனர். பண்ணியம் விற்பவன் தெருவில் அயர்ந்து உறங்க முடிந்தது இக்காவலராலேயாம். நெடுநல்வாடையிலோ, நாற்பது வயது யானையின் தந்தத்தால் அமைந்த கட்டிலிற் கிடக்கும் அரசிக்கு உறக்கம் இல்லை. பாசறையில் வேந்தனும் நள்ளிரவில் உறங்காமல், புண்பட்ட வீரரைப் பார்த்து வருகிறான். கட்டிலின் விலைக்கும் நித்திரைக்கும் அந்நாளிலும் சம்பந்தமில்லை போலும்! முரசு கட்டிலில் அறியாமல் உறங்கிய மோசிகீரனார்க்குச் சேரமான் கவரி வீசி நின்றமையைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர்.

இனி நமது பாளையம்பட்டிக்கு வருவோம். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை ஆகியவற்றோடு நாடார் வணிகர் நிலைபெற்ற ஆறு ஊர்களுள் இஃதொன்று. கருப்புக்கட்டியும் கருவாடும் புகையிலையும் பருத்தியும் ஏற்றிய மாட்டு வண்டிகள் இக்கரிசற் காட்டைப் பெரும்பாலும் இரவிலேயே கடந்தன. பகல் வெயிலில் மாடு தாங்காது. வண்டிகள் சாரையாகச் செல்லும். முன்வண்டிக்காரன் மட்டும் கண்மூடலாகாது. பின்வருவோர் மூட்டைகளின்மேல் சாய்ந்து கண்ணயர்வர், மாடுகள் முன்வண்டியைத் தாமே பின்பற்றும். தூங்குதல் என்னும் சொல்லுக்குத் தொங்குதல், அசைதல் என்பனவே பழைய பொருள். அச்சொல் வண்டிக்காரன் உறக்கத்திற்கு எத்துணைப் பொருத்தம்!

கள்வர் பயம் மிகுந்த அக்காலத்தில் சரக்கும் மாடும் ஆளும் தங்குதற்கென எழுந்தவையே பேட்டைகள். மதில் சூழ்ந்த அவ்விடத்தினுள் வண்டியை அவிழ்த்துவிட்டவன்தான் காலை நீட்டி உறங்கினான். அதற்காக அவன் பேட்டையிற் கட்டணம் செலுத்தினான். சரக்கின்மேல் விதித்த மகமையோ உறவின்முறையின் பொதுநிதியாய்த் திரண்டது. கல்விச்சாலை கண்ட மகமையை நாம் போற்றுகிறோம். பேட்டை மதிலுக்குள் வண்டிக்காரன் பயமின்றி உறங்கிய உறக்கத்தைப் பேசுவார் அரியர். பெண்டிர்க்கோ எந்தப் பேட்டையும் இல்லை. கோடையில் கிணற்றில் ஊறும் சிறிதளவு நீரைப் பிறர் வருமுன் இறைக்க நடுச்சாமத்தில் எழுந்தவர் அவர்களே.

1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரும்புப்பாதை திறக்கப்பட்டது. நெடுந்தூர வண்டிப் பயணம் குறைந்ததேயன்றி ஒழியவில்லை. அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தது 1963-இலேயாம். அதுவரையில் விருதுநகர் நிலையம் சென்று சேர்வது வண்டிக்கு ஏறக்குறைய ஓர் இரவுப் பயணமே. 1906-இல் இந்தியாவுக்கெல்லாம் ஒரே மணிக்கணக்கு ஏற்பட்டது. நாழிகை பார்த்து எழுந்தவர் மணி பார்த்து எழலாயினர்.

விளக்கின் கதை வேறு. ஆமணக்கெண்ணெய் அகலும், பின்வந்த மண்ணெண்ணெய் அரிக்கேனும் இரவைச் சிறிது நீட்டின. மின்சாரமோ இரவை வேலைநேரமாகவே ஆக்கிற்று. 1905-ஐ ஒட்டிப் பம்பாய் ஆலைகளில் மின்விளக்கு ஏற்றப்பட்டவுடன் தொழிலாளர் நாளொன்றுக்கு 14 மணி நேரமும் அதற்கு மேலும் உழைக்க நேர்ந்தது. அதன் பயனாகவே 1911-ஆம் வருஷச் சட்டம் நெசவாலைகளில் 12 மணி நேரம் என வரம்பு கட்டியது. தமிழ்நாட்டில் 1932-இல் பைக்காராவிலும் 1944-இல் பாபநாசத்திலும் நீர்மின்சாரம் உற்பத்தியாயிற்று. நூலாலைகள் ஷிப்டு முறையில் இரவெல்லாம் ஓடின. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரையில் வேலைக்கமர்த்தலாகாதென்றது. அத்தடை செல்லாதென்று 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, போக்குவரத்து முதலிய பாதுகாப்புகளை நிபந்தனையாக்கியது.

இன்று நமது ஊர்ப்புறங்களில் ஆணும் பெண்ணும் இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகின்றனர். அவர்கள் படுக்கும் வேளையில் தெருவில் பள்ளிப்பிள்ளைகள் புறப்படுவர். குழாயடியில் குடங்கள் மோதும். பத்து மணிக்கெல்லாம் ஓட்டுவீடு கொதிக்கத் தொடங்கும். அத்தகைய இல்லங்களில் சன்னலிற் பழைய சேலையைக் கட்டி இருளுண்டாக்கி, குழந்தையை அடுத்த வீட்டிற்கு அனுப்பிவிட்டுத் திண்ணையிற் காவலிருப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பாட்டியாவர்.