காபி வந்த பாதை - 14: கெய்ஷாவுக்கு விசா வாங்கித் தந்த பூஞ்சை

சென்ற வாரம் கெய்ஷா என்ற காபி ரகத்தின் விதைகளை லியாமுங்கு ஆராய்ச்சி நிலையத்து நாற்றங்காலில் விட்டுவிட்டு வந்தோம். எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடு, மாஜியில் தூதராக இருந்த பிரிட்டிஷ்காரர் ரிச்சர்ட் வேலி, கென்யாவின் கிட்டாலே எல்லாம் நினைவிருக்கும். இந்த வாரம் நேரே பனாமாவுக்குப் போய், 2004ல் பொகேட்டே மலையூர்க் காபியைச் சுவைத்த நடுவர்கள் கரண்டியும் கையுமாகத் திகைத்த கதையைச் சொல்வதாக ஏற்பாடு. சொல்லத்தான் போகிறேன். ஆனால் கிளிமஞ்சாரோ பக்கம் கிடந்த ஒரு செடியை அட்லாண்டிக் தாண்டிக் கூப்பிட்டது யார், எதற்கு?

மணத்துக்காக என்று நினைப்பீர்கள். மல்லிகை, எலுமிச்சை என்றெல்லாம் இன்று வர்ணிக்கிறார்களே, அதை அப்போது யாரும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. லியாமுங்குப் பதிவேட்டில் அது வெறும் விசி 496. ஆராய்ச்சியாளர்கள் அதனிடம் எதிர்பார்த்த தகுதி, இலைத்துரு நோயைத் தாங்கும் சக்தி. அந்தத் துரு எப்பேர்ப்பட்டது என்று தெரியாமல் கெய்ஷாவின் பயணம் புரியாது. அதற்கு இலங்கைக்குப் போயாக வேண்டும்.

1869. மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ படிந்திருந்தது. தேய்த்தால் விரலில் தூளாக ஒட்டிக்கொள்ளும். பேராதனைப் பூங்காவின் இயக்குநர் த்வெய்ட்ஸ் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார், பூஞ்சைகளில் கரைகண்டவர், அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத அந்தப் பெயரைத் தோட்டத் துரைமார் ‘நாசக்கார எமிலி’ ஆக்கிக்கொண்டார்கள். கேலி பேச அப்போது வசதி இருந்தது.

இந்த நோய் செடியை ஒரேயடியாகச் சாய்த்துவிடாது. இலை கொட்டும், துளிர்க்கும், மறுபடியும் கொட்டும். காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு இளைக்கும். 1870களில் சந்தையில் காபி விலை ஏறிக்கொண்டே போனதால், மகசூல் சரிந்தது வரவு செலவில் உறைக்கவில்லை. இன்னும் காட்டை வெட்டு, இன்னும் நடு என்று போனார்கள். இந்தக் கதையின் வில்லன் பூஞ்சை என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. பூஞ்சைக்கு மலை மலையாகப் பந்தி விரித்தவர்களை விட்டுவிட்டு எமிலியைத் திட்டி என்ன பயன்?

1880ல் இந்தத் துருவை ஆராய இலங்கையில் வந்து இறங்கினார் ஹாரி மார்ஷல் வார்டு. கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்த இருபது சொச்சம் வயதுப் பையன். காபி வரலாற்றில் பைரேட்டுகளையும் புயலையும் தாண்டி மார்த்தினிக்குக்குச் செடி கொண்டுபோன டி கிளியூவைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அவரை இந்தத் தொடரிலும் போதுமான அளவு கொண்டாடியாயிற்று. என் ஓட்டு வார்டுக்கு. கண்ணாடித் துண்டுகளில் பிசுபிசுப்பைத் தடவித் தோட்டங்களில் வைத்தார். காற்றில் வந்த நுண்வித்துகள் அதில் ஒட்டின. அவற்றை நுண்ணோக்கியில் வைத்து, இலைமேல் ஈரம் இருக்கும்போது வித்து முளைவிடுவதையும், அந்த முளை இலைத்துளை வழியே உள்ளே நுழைவதையும் படிப்படியாகப் பின்தொடர்ந்தார். உள்ளே குடியேறிய பிறகு வெளியே எதைத் தூவினாலும் பெரிதாகப் பலனில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது. இடைவெளியே விடாமல் ஒரே பயிரை நட்டதுதான் நோய் இப்படிப் பரவ வழிவிட்டது என்றும் சொன்னார்.

துரைமார் கேட்டது மருந்து. 1882ல் வார்டு கப்பலேறிவிட்டார். 1884ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் திவாலானது.

நமக்கு இதில் வேறொரு கணக்கும் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறினார்கள். வழியில் காலராவுக்குப் பலியானவர்கள் ஏராளம். பழம் பறித்து முடித்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவார்கள். கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கிப்போனார்கள். துரைமாரின் நட்டத்தை வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கூலி பாக்கியோடு நின்றவர்களுக்கு அதில் கிடைத்திருப்பது அடிக்குறிப்புதான்.

சரி, பனாமா. துரு இந்தியா, ஜாவா, ஆப்பிரிக்கா என்று பரவினாலும் அட்லாண்டிக்கின் மேற்குக் கரை வெகுகாலம் தப்பித்திருந்தது. பிரேசிலின் பாஹியாவில் அது தென்பட்டது 1970ல்தான். அதற்கு முன்பே லத்தீன் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ‘இலங்கைக்கு நேர்ந்தது நமக்கும் நேரும்’ என்ற பயத்தில் நோய் தாங்கும் ரகங்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படித்தான் 1953ல் கோஸ்டாரிகாவின் துரியால்பா மையத்துக்கு கெய்ஷா வந்தது, டி 2722 என்ற எண்ணோடு. 1960களில் அங்கிருந்து பனாமா விவசாயிகளின் கைக்குப் போனது.

அவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. நெட்டையாக வளரும், கிளை பட்டென்று முறியும், காய்ப்பும் சொற்பம். பிடுங்க மனமில்லாமல் அங்கங்கே விட்டுவைத்தார்கள். பழத்தை மற்ற ரகங்களோடு ஒரே மூட்டையில் கலந்தார்கள். அப்படியே நாற்பது வருடம் ஓடியது. பொகேட்டேயின் எஸ்மெரால்டா தோட்டத்தில் பீட்டர்சன் குடும்பம், மேட்டு நிலத்துப் பழத்தைத் தனியாகப் பிரித்துச் சுவைத்துப் பார்த்த பிறகுதான் மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதே தெரியவந்தது. 2004 ஏலத்தில் அது பவுண்டுக்கு 21 டாலருக்குப் போனது. சாதாரணக் காபி 1 டாலருக்கும் கீழே கிடந்த நேரம்.

நடுவர்களின் மேசைக்கு அடுத்த வாரம் கட்டாயம் போவோம். கூடவே, 2025ல் அதே தோட்டத்துக் கெய்ஷா கிலோ 30,000 டாலரைத் தாண்டிய ஏலத்தையும், அந்தப் பணத்தில் எத்தியோப்பியக் காட்டுக்கு என்ன பங்கு என்பதையும் பேச வேண்டும்.

(தொடரும்)