பழைய ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸ் கோளாறைக் கண்டறிவது எப்படி?

பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் மாற்றும் செலவு, சில நேரங்களில் காரின் மறுவிற்பனை விலையையே நெருங்கிவிடும். எனவே, அதைக் கழற்றும் முன் சில எளிய சோதனைகள் அவசியம்.

வகை: டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, இரட்டை கிளட்ச், ஏஎம்டி ஆகியவை இந்தியாவில் புழக்கத்தில் உள்ளன. 2014-இல் மாருதி சுசுகி செலேரியோவில் அறிமுகமான ஏஎம்டி, அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸே. அதில் கிளட்ச் தேய்மானத்தையும் ஆக்சுவேட்டரையும் முதலில் சோதிக்க வேண்டும்.

ஆயில்: டார்க் கன்வெர்ட்டர் வகையில் ஆயில் கருத்துக் கருகிய வாடை வீசினால், உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கக்கூடும். இந்த ஆயில் எரிந்து குறைவதில்லை. அளவு குறைந்தால் கசிவைத் தேட வேண்டும். சிவிடிக்கு அதற்கெனக் குறிப்பிடப்பட்ட ஆயில் மட்டுமே பொருந்தும்.

அறிகுறிகள்: எஞ்சின் சுழற்சி உயர்ந்தும் கார் வேகமெடுக்காவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது எனலாம். 'டி' நிலைக்கு மாற்றியபின் தாமதமாக நகர்ந்தால், ஆயில் குறைவோ அழுத்தக் குறைவோ காரணமாகலாம். கார் ஒரே கியரில் நின்றுவிட்டால், மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பு கோளாறை உணர்ந்து பாதுகாப்பு நிலைக்கு மாறியிருக்கலாம்.

ஸ்கேனர்: பி0700 என்ற குறியீடு பொதுவான எச்சரிக்கை மட்டுமே. கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான பிற குறியீடுகளையும் படித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். பலவீனமான பேட்டரி, பழுதான வயரிங், சென்சார் ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு குறைவு.

வழுக்கல் தொடர்ந்தால் காரை ஓட்டக்கூடாது. எஞ்சின் நின்றிருக்கையில் ஆயில் பம்ப் இயங்காது என்பதால், இயக்கச் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்துச் செல்வதும் கியர்பாக்ஸைச் சேதப்படுத்தும். காரை முழுமையாக ஏற்றிச் செல்லும் மீட்பு வாகனமே பாதுகாப்பானது.