அகச்சிவப்பு நிறமாலையியல்: சவ்வு ஏற்பி ஆய்வு

செல் சவ்வில் பதிந்துள்ள ஏற்பிப் புரதத்தோடு லிகண்டு எனும் மூலக்கூறு இணையும்போது புரதத்தின் வடிவம் மாறுவதை, வேதிப்பிணைப்புகளின் அதிர்வைக் கொண்டு அறியும் முறை. சாயமோ கதிரியக்க அடையாளமோ ஒட்ட வேண்டாம். புரதத்தைச் சவ்வோடேயே ஆராயலாம். இதுவே இதன் பெருஞ்சிறப்பு.

காவிரிப் படுகைக்கு ஏற்பி–லிகண்டு இணைவு அயலான செய்தி அன்று. பாபநாசம் பகுதி நெல்வயல்களையும் தாக்கக்கூடிய புகையான் பூச்சிக்கு எதிரான இமிடாகுளோபிரிட் மருந்து, பூச்சியின் நரம்பிலுள்ள நிகோட்டினிக் அசெட்டைல்கோலின் ஏற்பியில் பிணையும் லிகண்டுதான்.

இதே குடும்பத்து ஏற்பி மின்திருக்கை மீனின் மின்னுறுப்பில் செறிந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பென்சிகர், மில்லர், ராத்ஸ்சைல்டு ஆகியோர் அதை ஆராய்ந்தனர். ஏற்பி கொண்ட சவ்வை ஜெர்மேனியம் படிகத்தின்மேல் மெல்லிய படலமாகப் படியவைத்து, படிகத்துக்குள் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்துவார்கள். கதிர் உள்ளேயே எதிரொளித்தாலும், அதன் புலம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த ஆழத்துக்குப் படலத்தில் ஊடுருவும். படலத்தின்மேல் முதலில் வெறும் கரைசல், பிறகு கார்பமைல்கோலின் எனும் லிகண்டு கலந்த கரைசல். ஒரு நிறமாலையிலிருந்து மற்றதைக் கழித்தால் எஞ்சுவது பிணைப்பால் நேர்ந்த மாற்றம் மட்டுமே. அது மிக நுண்ணியது. ஆகவே கருவியின் நிலைத்தன்மையே ஆய்வின் உயிர்.

புரத முதுகெலும்பின் வடிவைக் காட்டும் அமைடு-1 பட்டை 1600–1700 செ.மீ⁻¹ அளவில் விழும். நீரும் அங்கேயே உறிஞ்சுவதால் கனநீர் பயன்படுகிறது.

புகையானின் ஏற்பியில் 151ஆம் இடத்து டைரோசின் செரினாக மாறினால் இமிடாகுளோபிரிட்டின் பிடி தளர்வதை 2005இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அத்தகைய மாற்றம் பிணைப்பை எவ்வாறு குலைக்கிறது என்பதை ஆராயவும் இம்முறை ஏற்றது.