கேசட்டும் விதைநெல்லும்

வீடியோ கேம் வரலாற்றை யார் எழுதினாலும் ஒரே வரிசைதான். 1972-ல் அடாரியின் பாங். 1983-ல் அமெரிக்கச் சந்தை குப்புற விழுந்தது. 1985-ல் நிண்டெண்டோ அமெரிக்காவுக்குள் வந்து அதைத் தூக்கி நிறுத்தியது. பிறகு சேகா, சோனி, மைக்ரோசாஃப்ட். இந்த வரிசையில் திருத்துறைப்பூண்டிக்கு இடமே இல்லை. எங்களுக்குச் சரிவும் கிடையாது, மீட்சியும் கிடையாது. எதுவுமே வந்து சேராத ஊரில் எது சரியும்?

ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் மாரியோ இருந்தான். காண்ட்ரா இருந்தது. 'டாங்க்' என்று நாங்கள் கூப்பிட்ட பேட்டில் சிட்டி இருந்தது. நிண்டெண்டோ என்ற பெயரை மட்டும் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. பெட்டியின் மேல் மீடியா, சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். எங்களுக்கு எல்லாமே 'டிவி கேம்'. உள்ளே சொருகுவது 'கேசட்'. அமெரிக்கர்கள் அதை கார்ட்ரிட்ஜ் என்பார்கள். ஜப்பானியர்கள் 'கசெட்டோ' என்றார்கள் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நாங்கள் பாட்டு கேசட்டைப் பார்த்து வைத்த பெயர், தற்செயலாக, அது பிறந்த ஊரில் வழங்கிய பெயராகவும் இருந்திருக்கிறது.

அந்தப் பெட்டிகள் எல்லாம் எதன் நகல் என்று பார்ப்போம். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு வெளிவந்தது. வடிவமைத்தவர் மசாயுகி உயமுரா. அதன் மூளை 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ரிகோ சில்லு, வேலை செய்ய இருந்த நினைவகம் 2 கிலோபைட். இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படத்துக்கே அதைவிட ஐம்பது மடங்கு இடம் வேண்டும்.

அந்த ரிகோ சில்லின் கதை சுவாரசியமானது. அது அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 1975-ல் வெளியிட்ட 6502 சில்லைப் பின்பற்றியது. 6502-ல் தசமக் கணக்குக்கென்று ஒரு சுற்று உண்டு, அதற்குக் காப்புரிமையும் இருந்தது. ரிகோ சில்லை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அந்தச் சுற்று அப்படியே உள்ளே இருப்பதையும் அதன் இணைப்பு மட்டும் துண்டிக்கப்பட்டிருப்பதையும் கண்டார்கள். அதாவது எங்கள் தெருவுக்கு வந்தது நகலின் நகல். தைவானின் யு.எம்.சி. போன்ற நிறுவனங்கள் ஃபேமிகாமின் சில்லுகளைப் பிரதி எடுத்தன. சில ஆண்டுகளில் மொத்த இயந்திரமும் ஒரே சில்லுக்குள் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் தடுக்க யாராலும் முடியவில்லை. ரஷ்யாவில் அது டெண்டி. போலந்தில் பெகாசஸ். சீனாவில் சுபோர் என்ற பெயரில் கீபோர்டு வைத்து 'படிப்புக்கான இயந்திரம்' என்று விற்றார்கள், விளம்பரத்தில் ஜாக்கி சான் வந்தார். பெற்றோரை ஏமாற்றும் கலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

எங்கள் பக்கம் அது வந்த வழி கடல் வழி. பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்களுக்காக 1969-ல் சென்னை கடற்கரைச் சாலையில் உருவான பர்மா பஜார் ஒரு வாசல். இன்னொரு வாசல் டெல்டாவிலேயே இருந்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று இருப்பார். கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்றே பெயர். ஊருக்கு வரும் மாமாவின் பெட்டியில் கோடாலித் தைலம், டார்ச் லைட், சென்ட் பாட்டில் இவற்றோடு ஒரு டிவி கேமும் வந்து இறங்கும். நெல்லைத் தவிர வேறெதுவும் விளையாத ஊர் என்று எங்களைச் சொல்வார்கள். ஆனால் உலகத்தின் மறுமுனைச் சரக்கு எங்களுக்குக் கும்பகோணத்துக்கு முன்பே வந்துவிடும்.

வந்த பெட்டியை டிவியின் ஆன்டெனா துளையில்தான் மாட்ட வேண்டும். சாலிடேரோ டயனோராவோ, சேனல் குமிழைத் திருகித் திருகி, புள்ளிமழைக்கு நடுவே மாரியோ தெரியும்வரை தேட வேண்டும். ஒளியும் ஒலியும் வந்த அதே துளை வழியாக இதுவும் வந்தது. அதனால்தானோ என்னவோ, எங்களுக்கு அது சினிமாவுக்குச் சொந்தக்காரனாகவே தெரிந்தது. கடைசியில் வரும் பெரிய எதிரியை உலகமே 'பாஸ்' என்றபோது நாங்கள் 'வில்லன்' என்றோம். அதற்கு முன்னால் வருபவர்கள் 'அடியாளுங்க'. "அடியாளுங்கள விட்றா, வில்லன அடி."

இதில் தப்பே இல்லை. அந்த விளையாட்டுகள் உண்மையிலேயே சினிமாவின் பிள்ளைகள். நாங்கள் 'குங்ஃபூ' என்று ஆடியது 1984-ல் ஐரெம் நிறுவனத்துக்காகத் தகாஷி நிஷியாமா உருவாக்கியது. ஜாக்கி சானின் 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' படத்துக்கு ஜப்பானில் வைத்த பெயர் 'ஸ்பார்டன் எக்ஸ்'. அந்தப் பெயரிலேயே அங்கே விளையாட்டும் வந்தது. படத்தைப் போலவே நாயகன் தாமஸ், கடத்தப்பட்டவள் சில்வியா. ஆனால் மாடிக்கு மாடி ஏறி, மாடிக்கு ஒருவனை வீழ்த்தும் அமைப்பு ஜாக்கி சானுடையது அல்ல. அது புரூஸ் லீ முடிக்காமலே இறந்துபோன, 1978-ல் வெளியான 'கேம் ஆஃப் டெத்' படத்தின் யோசனை. நிஷியாமா அடுத்து 1987-ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' செய்யப் போனார். நம் படங்களில் நாயகன் கட்டடத்துக்குள் நுழைந்து தளம் தளமாக அடித்துக்கொண்டே மேலே போகும்போது அந்தக் கேசட் எனக்கு ஞாபகம் வரும்.

காண்ட்ரா இன்னும் வெளிப்படையானது. கொனாமி 1987-ல் வெளியிட்டது. நாயகர்கள் பெயர் பில் ரைஸர், லான்ஸ் பீன். 'ஏலியன்ஸ்' படத்தில் நடித்தவர்கள் பில் பேக்ஸ்டன், பால் ரைஸர், லான்ஸ் ஹென்ரிக்ஸன், மைக்கேல் பீன். ஒட்டுப்போட்டது யாருக்கும் புரியும். அட்டைப்படம் வரைந்த பிரிட்டிஷ் ஓவியர் பாப் வேக்லின், 'பிரடேட்டர்' படத்தின் அர்னால்டைப் பார்த்தே வரைந்தார். நாங்கள் முதலில் பார்த்தது கேசட்டின் மேல் ஒட்டிய அந்த மங்கிய படத்தை. பல வருஷம் கழித்து டிவியில் பிரடேட்டர் போட்டபோது என் தம்பி சொன்னது, "அண்ணே, காண்ட்ராவப் பாத்து காப்பி அடிச்சிருக்கானுங்க." எங்கள் தலைமுறையின் ரசனை வரலாறு இந்த ஒரு வரியில் இருக்கிறது. நாங்கள் நகலை முதலிலும் மூலத்தைப் பிறகும் பார்த்தவர்கள்.

மூலம் எது என்று கேட்டுக்கொண்டே போனால் எங்கும் நிற்காது. 1981-ல் நிண்டெண்டோ பாப்பாய் கார்ட்டூனை வைத்து ஒரு விளையாட்டு செய்ய நினைத்தது. உரிமை கிடைக்கவில்லை. ஷிகேரு மியாமோதோ பாப்பாய்க்குப் பதில் ஒரு தச்சனையும், புளூட்டோவுக்குப் பதில் ஒரு குரங்கையும் வைத்தார். அதுதான் 'டாங்கி காங்', அந்தத் தச்சன்தான் பின்னால் மாரியோ. உடனே யுனிவர்சல் ஸ்டூடியோ, 'இது எங்கள் கிங் காங்' என்று 1982-ல் வழக்குப் போட்டது. நிண்டெண்டோவுக்காக வாதாடிய ஜான் கிர்பி ஒரு பழைய வழக்கைத் தூசி தட்டினார். கிங் காங் கதை யாருக்கும் சொந்தமல்ல, பொதுச் சொத்து என்று யுனிவர்சலே அதில் வாதாடியிருந்தது. வழக்கு தோற்றது. அந்த வக்கீலின் பெயரைத்தான் நிண்டெண்டோ பிறகு 'கிர்பி' என்ற உருண்டைக்கு வைத்தது.

நம் ஊர்ச் சங்கிலி ஒன்றும் உண்டு. 2000-ல் 'மெமென்டோ'. அதன் சாயலோடு 2005-ல் ஏ.ஆர். முருகதாஸின் 'கஜினி'. 2008-ல் அதுவே இந்தியில். அந்த இந்திப் படத்தை வைத்து அதே சமயம் ஹைதராபாத்தின் எஃப்.எக்ஸ். லேப்ஸ் ஒரு கணினி விளையாட்டு வெளியிட்டது. எது எதன் நகல் என்று கேட்பதைவிட, ஒவ்வொரு நகலும் புதிதாக எதைச் சேர்த்தது என்று கேட்பது எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது.

இந்தக் கேள்வி இப்போது ஏன் அவசரம்? 2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்க முடியாது. ஆய்வாளர்களுக்கு இவற்றை இணையம் வழியாகக் காட்ட நூலகங்கள் அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. 1985-ல் வந்த சூப்பர் மாரியோ அந்த நாட்டுச் சட்டப்படி 2080 முடியும்வரை நிறுவனச் சொத்து. மாரியோ பரவாயில்லை, அவனுக்குக் காவல் இருக்கிறது. நிறுவனமே மூடிப்போன விளையாட்டுகளுக்கு யார் இருக்கிறார்கள்? அவற்றில் பெரும்பாலானவை இன்று நமக்குக் கிடைப்பது திருட்டுப் பிரதி எடுத்தவர்களின் தயவில்தான்.

பிரதி எடுக்காதது என்ன ஆகும் என்று டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. தென்னை, ஓட்டு வீடு, படகு, மாடு என்று போனவற்றின் பட்டியல் பெரியது. அதில் டிவி கேமை யாரும் கணக்கில் எழுதவில்லை, எழுதியிருக்கவும் கூடாது. ஆனால் பரண்மேல் கிடந்த ஒரு தலைமுறையின் சாமான் அந்த மழையில் ஊறிப்போனது உண்மை.

புயல் அடித்து இருபதாம் நாள், டிசம்பர் 6 அன்று, நெல் ஜெயராமன் இறந்தார். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கட்டிமேடு கிராமத்துக்காரர். நம்மாழ்வாரின் வழியில் வந்தவர். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். ஆதிரெங்கத்தில் 2006 முதல் அவர் நடத்திய நெல் திருவிழாவின் விதி ரொம்ப எளிமையானது. இரண்டு கிலோ விதை வாங்கிப் போ, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு. காட்டுயானமோ மாப்பிள்ளைச் சம்பாவோ கண்ணாடிக் குடுவைக்குள் இருந்தால் சில வருஷத்தில் முளைப்புத்திறன் போய்விடும். பத்துப் பேர் வயலில் இருந்தால், ஒருவன் வயல் மூழ்கினாலும் ஒன்பது மிஞ்சும்.

கணினித் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் பேக்கப் என்று பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது இதைத்தான். ஒரே தரவுக்கு மூன்று பிரதி இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். கேசட்டுக்குள் இருக்கும் சில்லும் சாகும். கறுப்புப் பிசின் பொட்டு வைத்து மூடிய அந்த மலிவுச் சில்லுகள் சீக்கிரமே சாகும். வேலை செய்யாத கேசட்டை ஊதி ஊதிப் போட்டோமே, அந்த எச்சில் ஈரமும் அதன் செம்புப் பல்லை அரிக்கத்தான் செய்தது. ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. அதைப் படிக்க எங்களுக்கு மேனுவல் வரவில்லை.

ஆக, நகல் வாழ்க என்று முடித்துவிடலாமா? முடியாது. உறவினர் வீடுகளில் கேட்டு வாங்கிய பதினொரு கேசட் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் கணினியில் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். '9999 இன் 1' என்று அட்டையில் போட்ட ஒன்றில் உண்மையில் இருப்பது ஏழு விளையாட்டு. மெனுவில் ஒவ்வொரு வரியும் அதே விளையாட்டை வேறு கட்டத்திலிருந்தோ, கூடுதல் உயிரோடோ தொடங்கிவைக்கும். நினைவகத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், புது விளையாட்டு ஆகிவிடும். இந்தத் தில்லுமுல்லு எனக்குப் பிடித்தே இருக்கிறது. பிடிக்காதது வேறு. காண்ட்ராவின் முகப்பில் கொனாமி பெயரும் வருஷமும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. பிரதி எடுத்தவன் முதல் வேலையாக அந்த வரியை அழித்திருக்கிறான். ஏற்கெனவே அன்றைய ஜப்பானிய நிறுவனங்கள் பல, உருவாக்கியவர்களைச் சொந்தப் பெயர் போடவிடாமல் புனைபெயர் போடவைத்தன. எதிராளி ஆளைத் தூக்கிவிடுவானோ என்ற பயம். முதலாளி பாதி அழித்த பெயரைத் திருடன் முழுசாக அழித்தான்.

ஜெயராமனின் வேலைக்கும் இந்தக் கேசட்டுக்காரன் வேலைக்கும் வித்தியாசம் இங்கேதான். இரண்டு பேருமே பெருக்கினார்கள். ஆனால் ஜெயராமன் கொடுத்த ஒவ்வொரு பையிலும் நெல்லோடு பெயரும் போனது. இது காட்டுயானம், இது கருங்குறுவை, இத்தனை நாள் பயிர், இந்த மண்ணுக்கு ஆகும். பெயர் போனால் ரகம் போச்சு. மிஞ்சுவது வெறும் நெல். பெயர் இல்லாமல் எங்களுக்கு வந்தது வெறும் 'டிவி கேம்'.

அதனால் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு கோப்போடும் ஒரு பக்கம் எழுதிவைக்கிறேன். உருவாக்கியவர் பெயர் தெரிந்தால் அது, நிறுவனம், வருஷம். அதன் கீழே, இந்தக் கேசட் எந்த ஊரில் யார் வீட்டில் எந்த வருஷம் வரை ஆடப்பட்டது, அவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொனாமியிடம் முதல் பாதி இருக்கும். இரண்டாம் பாதி உலகத்தில் எந்த ஆவணக்காப்பகத்திலும் கிடையாது. அது முத்துப்பேட்டையிலும் மன்னார்குடியிலும் இப்போது நாற்பதை நெருங்குகிறவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் கேசட் கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கேட்டு, அதன் முதுகிலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.