லேடி மாக்பெத்

வில்லியம் ஷேக்ஸ்பியர் 1606 வாக்கில் எழுதிய ‘மாக்பெத்’ துன்பியல் நாடகத்தின் தலைமைப் பெண் பாத்திரம். மன்னன் டங்கனைக் கொன்று அரியணை ஏறும்படி தளபதியான தன் கணவனைத் தூண்டுபவள். அரசியான பின் அந்தக் கொலையின் நினைவிலேயே மனம் சிதைந்து மாள்பவள். நாடகத்தில் இவளுக்கு இயற்பெயர் கிடையாது.

வரலாற்று மாக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். அவன் மனைவி குரோக். அவளுக்கு முதல் கணவன் வழியில் லூலாக் என்ற மகன் இருந்தான். ஷேக்ஸ்பியர் பயன்படுத்திய ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் மாக்பெத்தின் மனைவி பற்றிய செய்தி மிகச் சுருக்கமானது. டஃப் மன்னனைக் கொல்லும்படி கணவன் டான்வால்டைத் தூண்டும் வேறொரு பெண் அதே நூலில் வருகிறாள். இரண்டையும் சேர்த்து உருவானவளே இவள்.

முதல் அங்கத்தில் கணவனின் கடிதத்தைப் படித்தபடி அறிமுகமாகிறாள். கணவன் அரசனாவான் என்ற சூனியக்காரிகளின் வாக்கை அறிந்ததுமே கொலையைத் தீர்மானித்துவிடுகிறாள். அவள் அஞ்சுவது கணவனின் இளகிய மனத்துக்கு மட்டும்தான். தன் பெண்மையைப் பறித்து, உடல் முழுவதும் கொடுமையை நிரப்பும்படி தீய ஆவிகளை அழைக்கிறாள். இரக்கமே இல்லாதவள் அதை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. இவளை வெறும் அரக்கியாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. மாக்பெத் தயங்கும்போது அவன் ஆண்மையைப் பழிக்கிறாள். வாக்குக் கொடுத்திருந்தால் தன்னிடம் பால் குடிக்கும் குழந்தையையும் அடித்துக் கொன்றிருப்பேன் என்கிறாள்.

கொலை நடந்த இரவில் காவலர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தவள் அவளே. மாக்பெத் திகைத்துப்போய்க் கையோடு கொண்டுவந்துவிட்ட கத்திகளைத் திரும்ப எடுத்துச் சென்று வைத்தவளும் அவளே. ஆனால் தூங்கும் மன்னனின் முகம் தன் தந்தையை நினைவூட்டாதிருந்தால் தானே குத்தியிருப்பேன் என்று போகிற போக்கில் சொல்கிறாள். உறுதியில் விழுந்த முதல் விரிசல் அது.

அவளுடைய சரிவைத் திடீரென நேர்ந்ததாகச் சொல்வது பொருந்தாது. மூன்றாம் அங்கத்தில், அரசியாகிவிட்ட நிலையில், கணவனிடம் சில வார்த்தை பேச ஏவலாளை அனுப்பி நேரம் கேட்க வேண்டியிருக்கிறது. அடைந்ததில் நிறைவில்லை என்று தனிமையில் ஒப்புக்கொள்கிறாள். அவன் வந்ததும் அதை மறைத்துக்கொண்டு அவனைத் தேற்றுகிறாள். கடிதத்தில் தன் பெருமைக்குப் பங்காளி என்று அவளை அழைத்தவன், சக தளபதி பாங்கோவைக் கொல்லும் திட்டத்தை அவளிடம் சொல்லவே இல்லை. அவள் ஆசைப்பட்டது இருவரும் சேர்ந்து ஆளும் வாழ்வுக்கு. அரியணை வந்தது, துணை போயிற்று. குற்றவுணர்வோடு இந்தத் தனிமையும் சேர்ந்தே அவளை முறிக்கிறது. பாங்கோவின் ஆவியைக் கண்டு மாக்பெத் பிதற்றும் விருந்தில் நிலைமையைச் சமாளித்து விருந்தினரை அனுப்பிவைப்பதோடு அவளுடைய ஆளுமை முடிகிறது. நான்காம் அங்கத்தில் அவள் மேடைக்கே வருவதில்லை.

ஐந்தாம் அங்கத்தின் முதற்காட்சியில் தூக்கத்தில் நடக்கிறாள். மருத்துவரும் தோழியும் மறைந்து நின்று பார்க்கிறார்கள். கொலைக்கு முன் இருளை வருந்தி அழைத்தவளுக்கு இப்போது எந்நேரமும் பக்கத்தில் விளக்கு வேண்டும். கொலை இரவில் இரத்தத்தைக் கழுவக் கொஞ்சம் தண்ணீர் போதும் என்றவள் ஓயாமல் கைகளைத் தேய்க்கிறாள். செய்யுளில் பேசிவந்தவளின் பேச்சு துண்டு துண்டான உரைநடையாகிவிடுகிறது. டங்கனின் இரத்தத்தோடு, மாக்பெத் ஆளனுப்பிக் கொன்ற மாக்டஃபின் மனைவியும் பாங்கோவும் அதில் வருகிறார்கள். தான் பங்கெடுக்காத கொலைகளையும் சுமக்கிறாள் என்பதே இக்காட்சியின் மிகக் கொடிய செய்தி. அவள் சாவு மேடைக்கு வெளியே நிகழ்கிறது. தற்கொலை என்று கருதப்படுவதாக இறுதியில் டங்கனின் மகன் மால்கம் குறிப்பிடுகிறான்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள். 1785இல் லண்டனில் இவ்வேடமேற்ற சாரா சிடன்ஸ், தூக்கநடைக் காட்சியில் விளக்கைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளையும் கழுவுவதுபோல் நடித்தது வழக்கத்தை மீறிய புதுமை. 1888இல் எலன் டெரி நடித்தார். அவரை அந்த உடையில் ஜான் சிங்கர் சார்ஜென்ட் ஓவியமாகத் தீட்டினார்.

தான் பாலூட்டியதாக அவள் சொல்லும் குழந்தை நாடகத்தில் எங்கும் இல்லை. பின்வந்த இரண்டு திரைப்படங்கள் அந்த வெற்றிடத்தைத் தம் வழியில் நிரப்பின. அகிரா குரோசாவாவின் ‘இரத்த சிம்மாசனம்’ (1957) படத்தில் இசுசு யமதா ஏற்ற அசாஜி, தான் கருவுற்றிருப்பதாகச் சொல்லியே அடுத்த கொலைக்குக் கணவனைத் தள்ளுகிறாள். குழந்தை இறந்தே பிறக்கிறது. விஷால் பரத்வாஜின் இந்திப் படமான ‘மக்பூல்’ (2003) மும்பை நிழலுலகில் நடப்பது. அதில் தபு ஏற்ற நிம்மி பிள்ளை பெற்றபின் இறக்கிறாள், குழந்தை பிழைக்கிறது.